அடுக்ககத்தில் பாம்பைப் பற்றிப் பேச்சு: தேவையா?

மாடித்தோட்டம் (ஹொரமாவு, பெங்களூரு):
சென்ற மாதம் எங்கள் பம்ப் அறைக்குப் பின்னால் விஷமில்லாத ஒரு சாரைப் பாம்பை அடித்தே கொன்றுவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. போன ஞாயிறு, பாம்பு மீட்பவர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தோம். காவலர்களும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும்கூட வந்தார்கள். எல்லா அடுக்ககங்களிலும் இதைச் செய்ய வேண்டும்.

கணக்கர் (ஒயிட்ஃபீல்டு):
எனக்கு உடன்பாடில்லை அம்மா. குப்பையை ஒழுங்காக அள்ளினால் எலி குறையும், எலி இல்லாவிட்டால் பாம்பு ஏன் வரும்? மீட்பவர் எண்ணை லிஃப்டில் ஒட்டினால் போதும். எங்கள் இடத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்து, படங்களைப் பார்த்த என் பேத்தி இரண்டு இரவு தூங்கவில்லை.

மாடித்தோட்டம்:
குப்பை விஷயம் சரி சார். ஆனால் எண்ணை ஒட்டினால் ஒவ்வொரு பாம்புக்கும் போன் போகும். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அது பழக்கமில்லாத இடத்தில் அலைந்து சாகலாம். எது சாரை என்று தெரிந்தால் பாதிப் போன் தேவையே இல்லை.

எங்கள் கூட்டத்தில் திருவண்ணாமலைக்காரக் கமலா அக்கா எழுந்து, "சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்களே" என்று கேட்டார். பின்னிக்கொள்வது இரண்டும் ஆண் சாரைதான், சண்டை என்று மீட்பவர் விளக்கினார். பக்கத்தில் நின்ற காவலர் "கேரே ஹாவா!" என்றார். கன்னடத்தில் அதுதான் சாரை. பம்ப் அறையில் அடித்தவர் அவர்தான். அதற்குப் பிறகு கடைசி வரை அவர் நகரவில்லை.

இரவுப்பணி நர்ஸ் (அல்சூர்):
கணக்கர் சார், கடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கிறவள் நான். கயிற்றால் இறுகக் கட்டி, பிளேடால் கீறி வருகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, அதனால் தாமதமாக வருகிறார்கள். உங்கள் காவலர் எங்கே படுக்கிறார்? கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல ஒரு கூட்டம் வேண்டாமா?

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்குக்கும் ஒரே மருந்து. அந்த மக்களின் அறிவையும் இங்கே சொல்ல வேண்டும்.

கணக்கர்:
காவலர் தரையில்தான் படுக்கிறார். அதை நான் யோசிக்கவில்லை. சரி, அவர்களுக்கு ஒரு கூட்டம் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு, பணி மாறும்போது, கன்னடத்திலும் தமிழிலும். கட்டிலும் கொசுவலையும் டார்ச்சும் எங்கள் குடியிருப்போர் சங்கப் பணத்தில் வாங்கலாம், நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கடித்த காயத்தின் படம் காட்டுவதை மட்டும் இன்னும் எதிர்க்கிறேன்.

மாடித்தோட்டம்:
அந்தப் படங்கள் வேண்டாம் சார். சாரை உரித்த சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, முழு நீளம், கண்ணின் மூடிகூடத் தெரியும். பேத்தியைக் கூட்டி வாருங்கள்.