உள்ளாட்சித் தேர்தலில் வீடு வீடாகச் சென்ற அனுபவங்கள்

தேர்தல் பரப்புரைப் பணியாளர் என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் கொடிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. உள்ளாட்சித் தேர்தலில் வேலை செய்பவனுக்கு இவற்றோடு அதிகத் தொடர்பில்லை. என் நாளின் பெரும்பகுதி வாக்காளர் பட்டியலோடுதான் கழிகிறது. பட்டியலின் ஒரு பாகத்தை எடுத்து, தெருவில் வீடுகள் இருக்கிற வரிசைப்படி அதை மாற்றி எழுதுவது காலை வேலை. பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெயர்கள் தெருவின் இரு முனைகளில் இருக்கும். இறந்துபோனவரின் பெயர் நீக்கப்படாமல் நிற்கும். அண்மையில் குடிவந்த குடும்பம் பட்டியலிலேயே இராது. மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைப் பொழுதில் கதவைத் தட்டத் தொடங்கி, இரவில் வீடு வாரியாகக் குறிப்பெழுதி முடிக்கும்போது, அரசியல் விவாதம் செய்ய எனக்கு ஆற்றல் மிஞ்சுவதில்லை.

குறிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆதரவு, எதிர்ப்பு, முடிவு செய்யவில்லை, வீட்டில் இல்லை என்று நான்கே வகை. புதிதாக வருபவர்கள் முதல் வகையை எண்ணி மகிழ்வார்கள். பழகியவர்கள் நான்காவது வகையைப் பார்த்துத்தான் கவலைப்படுவார்கள். ஏனென்றால் மறுநாள் எத்தனை படி ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்த முதிய பெண்மணி, நான் வேட்பாளரின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டு உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அந்த வேட்பாளருக்குப் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியை அவர். மனப்பாடமாக வைத்திருந்த வாக்குறுதிகளை நான் வரிசையாக ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்தவர், “கணக்கில் அவன் சுமார்தான் தம்பி, ஆனால் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வான். வரவு செலவு பார்க்க மட்டும் வேறு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார். நாடாளுமன்றத் தேர்தலிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே வேட்பாளரைப் பற்றி வாக்காளரைவிட எனக்குக் கொஞ்சமாவது கூடுதலாகத் தெரியும். வார்டு தேர்தலில் அந்தச் சாதகம் கிடையாது. வேட்பாளர் யாருக்குக் கடன் பாக்கி வைத்திருக்கிறார், எந்த அண்டை வீட்டாரோடு சுவர்த் தகராறு, யாருடைய துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் மிகைப்படுத்திப் பேசினால் வேட்பாளரின் மதிப்பும் சேர்ந்து குறையும் என்பதால், பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுவது ஒழுக்கமாக மட்டுமல்லாமல் பிழைப்புக்கான வழியாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொரு சந்திப்பையும் எழுத வேண்டும். எதிர்க்கட்சியின் கொடி பறந்த வீடு என்பதால் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவனை அந்த வீட்டுக்காரரே கூப்பிட்டார். திட்டு விழும் என்றே எதிர்பார்த்தேன். அவரோ என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்து, எந்தெந்தக் குடும்பங்கள் வீடு மாறிவிட்டன என்று காட்டிக்கொடுத்தார். மாடியில் இருக்கும் நடக்க இயலாத ஒருவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லத் தம் கட்சியில் அந்தத் தெருவுக்கு ஆள் இல்லை என்றும், எங்களால் ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டார். மாடிக்காரர் யாருக்கு வாக்களிப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாக்குப்பதிவு நாளில் நாற்காலியோடு இருவரை அனுப்பினோம். எங்கள் அணியிலேயே சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சந்திப்பதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தினார்கள். எந்தக் கட்சிக்கும் ஆதரவு கேட்காமல், தவறாமல் வாக்களியுங்கள் என்று மட்டும் சிலரிடம் நேரிலும், சிலரிடம் அஞ்சல் வழியாகவும், சிலரிடம் தொலைபேசியிலும் சொன்னதில், நேரில் சந்திக்கப்பட்டவர்களிடையே வாக்களிப்பு தெளிவாகக் கூடியிருந்தது. அஞ்சலின் விளைவு சிறியது. தொலைபேசி அழைப்பால் பயன் தென்படவில்லை. கால் வலியோடு படுக்கும் இரவுகளில் எனக்கு இந்த ஆய்வு ஓர் ஆறுதல்.

பொழுதுபோக்கு என்று கேட்டால், தெரு வரைபடம் வரைவது. இது வேலையிலிருந்து முளைத்த பழக்கம்தான். பட்டியலைத் தெரு வரிசைக்கு மாற்றுவதற்காகக் கிறுக்கத் தொடங்கியவன், இப்போது தேர்தல் இல்லாத மாதங்களிலும் நோட்டுப் புத்தகத்தோடு நடக்கிறேன். வெளிப்படிக்கட்டு எந்த வீட்டில் இருக்கிறது, எண் 14-க்குப் பிறகு ஏன் 22 வருகிறது, எந்த முட்டுச்சந்துக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு வழி உண்டு என்பதெல்லாம் அதில் ஏறும். கைப்பேசி வரைபடம் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எரியாத விளக்குக் கம்பங்களையும் மழையில் நீர் தேங்கும் மூலைகளையும் கைப்பேசி காட்டுவதில்லை. அவற்றைக் குறித்துக்கொண்டே போனால், உள்ளாட்சி மன்றம் எதற்காக இருக்கிறது என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

உள்ளாட்சித் தேர்தலின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு அதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் வெறும் எண்கணிதம். 2017 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சியின் 220-ஆவது வார்டில் சிவசேனை, பாரதிய ஜனதா வேட்பாளர்கள் இருவரும் தலா 5,946 வாக்குகள் பெற்றதால், குலுக்கல் சீட்டு எடுத்துத்தான் பாரதிய ஜனதா வேட்பாளர் வென்றதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கவுன்சில் தேர்தலில், சவுத் பிளைத் தொகுதியின் இரு வேட்பாளர்கள் சமமாக நின்றபோது குச்சி இழுத்து முடிவு செய்தார்கள்; அதில் தோற்ற கன்சர்வேட்டிவ் கட்சி 67 இடங்களில் 33-ஐ மட்டும் பெற்று, ஒரே ஓர் இடம் குறைந்ததால் பெரும்பான்மையைத் தவறவிட்டது. “வீட்டில் இல்லை” என்று குறித்த ஒரு கதவை இன்னொரு முறை தட்டியிருந்தால் சீட்டும் குச்சியும் தேவைப்பட்டிராது.

மறுமொழி

மேலே எழுதியவரின் உழைப்பை மதிக்கிறேன். கடைசிப் பத்தியோடு மட்டும் உடன்பட முடியவில்லை. சமநிலை முடிவுகள் செய்தியாவதே அவை அரிது என்பதால்தான். ஒற்றை வாக்கு முடிவை மாற்றும் என்ற நம்பிக்கையில் வேலைக்கு வரும் இளைஞர்கள், பெரிய வித்தியாசத்தில் தோற்ற மறுநாளே விலகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்தது அப்படித் தோற்ற ஒரு வேட்பாளருக்காகத்தான், தோல்வி உறுதி என்று தெரிந்தே.

எங்கள் வார்டில் அதற்கு முந்தைய தேர்தலில் யாரும் எதிர்த்து நிற்காததால் உறுப்பினர் போட்டியின்றித் தேர்வாகியிருந்தார். போட்டி இல்லாத இடத்தில் துண்டறிக்கை இல்லை, வீட்டுக்கு வருவோர் இல்லை, கேள்வி கேட்க ஒரு நாள்கூட இல்லை. ஆகவே இந்த முறை ஒருவரை நிற்க வைத்தோம். நாங்கள் கதவைத் தட்டத் தொடங்கிய பிறகு, அதுவரை அந்தத் தெருக்களுக்கு வராத உறுப்பினரும் வரத் தொடங்கினார். சில வீடுகளில் அவர் எழுந்து போகும் நேரத்தில் நாங்கள் நுழைந்தோம், ஒருவருக்கொருவர் வணக்கமும் சொல்லிக்கொண்டோம். அவருடைய முதல் துண்டறிக்கையில் நன்றியுரையும் புகைப்படமும் மட்டுமே இருந்தன. வாக்குப்பதிவுக்கு முன் வந்த இரண்டாவது துண்டறிக்கையில், எங்கள் அறிக்கையில் இருந்த வடிகால் சீரமைப்பு ஏறத்தாழ அதே சொற்களில் இடம்பெற்றிருந்தது. அவரே வென்றார். வடிகால் வேலை இப்போது பாதியில் நிற்கிறது. மீதியைப் பற்றிக் கேட்க அந்த இரண்டாவது துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போகிறோம்.