மேட்சிங் நம்பர்ஸுக்குத் தமிழ்: எண்ணொத்ததா, பிறவியா?

கோவையிலிருந்து:
வணக்கம். பழைய கார்களை மதிப்பிடுவது பற்றி மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பதற்குச் சொல் வேண்டும். சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) ஆலையிலிருந்து வந்த அதே எஞ்சின் இன்னும் வண்டியில் இருக்கிறது என்பது பொருள். இப்போதைக்கு ‘எண்பொருத்தம்’ என்று போட்டிருக்கிறேன். எஞ்சின் மாற்றிய வண்டிக்கும் ஒரு சொல் தேவை.

கோபியிலிருந்து:
எண்பொருத்தம் வேண்டாங்க. எண்திசை மாதிரி எட்டுப் பொருத்தம் என்றுதான் படிப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், காருக்கு ரெண்டு குறைச்சலா என்று கேட்பார்கள். ‘எண்ணொத்த பொறி’ என்க. தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்துவிட்டது, குழப்பமில்லை.

கரூரிலிருந்து:
எண்ணாயிரத்திலும் இரட்டிக்கத்தானே செய்கிறது? குழப்பம் அப்படியேதான் இருக்கிறது. நாம் தோண்ட வேண்டியது ‘பொறி’யை. இயந்திரமும் பொறி, தீத்துளியும் பொறி, முத்திரையும் பொறி. சேரர் பொறித்தது விற்பொறி. பெட்ரோல் எஞ்சினோ பொறி தட்டித்தான் ஓடுகிறது. அதன் மேல் பஞ்ச் அடித்த எண்ணும் பொறி. ஆகவே ‘பொறியொத்த பொறி’. இன்னொன்று: புகலூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் வரும் இரும்பொறை மரபின் பெயரிலேயே இரும்பும் பொறியும்...

திருச்செங்கோட்டிலிருந்து:
அண்ணா, பொறை வேற, பொறி வேறங்க. பொறைன்னா மலை. சேரரைப் பட்டறைக்கு இழுக்காதீங்க. பட்டறையில பொறின்னு சொன்னா எலிக்கு வெக்கிறதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க.

சொல்லுக்கு முந்தி விஷயத்தைப் பாருங்க. அமெரிக்க செவர்லே காரோட ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின்ல எண் இருக்கிற இடம், வலப்பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர் மூடிக்கு) முன்னால, ஹெட்டு உட்காருற அதே மட்டத்துல. நடுவுல வெக்கிற கேஸ்கெட் நிக்கலைன்னு பிளாக்கோட மேல்மட்டத்தைச் சீவி ஃபேஸிங் போட்டா எண்ணும் சேர்ந்து போயிரும். எஞ்சின் அதேதான், எண்தான் இல்லை. அப்புறம் புதுசா பஞ்ச் அடிச்சு வெப்பாங்க. ஆலையில கடைஞ்ச நேர்கோட்டுத் தடம் எண்ணுக்கு அடியில இருக்கான்னு சாய்வா டார்ச் அடிச்சுப் பாக்கணும். வழவழன்னு இருந்தா சந்தேகந்தான். சில பிரிட்டிஷ் எஞ்சின்ல எண் ஒரு தகட்டுல, ரிவிட் அடிச்சிருக்கும். அதை வேற பிளாக்குக்கு மாத்த அரை மணி நேரம் போதும். எண்ணை நம்பிச் சொல்லை உண்டாக்காதீங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மாற்றிய எஞ்சினின் எண்ணை முறைப்படி ஆர்சி புக்கில் ஏற்றியிருந்தால் புக்குக்கும் வண்டிக்கும் எண் ஒக்கும். ஆலைப் பதிவேட்டுக்கும் வண்டிக்கும் ஒக்காது. ‘எண்ணொத்த’ என்று கேட்டவுடன் விற்பவர் ஆர்சியைத்தான் நீட்டுவார். தாள் வைத்துப் பென்சிலில் உரசி எடுத்த சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆலைப் பதிவோடு ஒப்பிடுவதுதான் சோதனை. பல பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் அந்தப் பதிவுக்குச் சான்று தருகிறது.

எஞ்சின் மாற்றியது என்பதிலும் இரண்டு வகை. ஒன்று, அதே வகை, அதே காலத்து எஞ்சின். பிளாக்கை வார்த்த தேதி வண்டி கட்டிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும், பிந்தியது என்றால் பிற்காலத்தில் ஏறியது. இதில் விலை இறங்கும், ஆனால் வண்டி வண்டிதான். இரண்டாவது, வேறு எஞ்சின். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோலை இறக்கிவிட்டு 1817 சிசி இசுஸு ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஐந்து கியர் பெட்டி வரும், புரொபெல்லர் ஷாப்ட்டின் நீளம் மாறும், ஸ்டியரிங்கில் இருந்த கியர் தண்டு போய்த் தரையில் ஓட்டை விழும். போல்ட்டில் மாட்டியதைக் கழற்றிவிடலாம். கேஸ் கட்டரில் வெட்டியது வெட்டியதுதான். மதிப்பை அடிப்பது பெரும்பாலும் அந்த வெட்டுதான். எடை கூடிய டீசலைப் போட்டால் முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பி தொய்வது தனிக்கதை.

எந்த வண்டியின் பெருமையே எஞ்சினில் இருக்கிறதோ, அதற்குத்தான் அடி பலம். சாதாரண குடும்பக் காரில் அவ்வளவு தெரியாது. ஆனால் 2021 மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் வண்டிகளுக்கான ‘விஏ’ வரிசைப் பதிவு வேண்டுமென்றால் எஞ்சினிலும் மாற்றம் இருக்கக் கூடாது.

என் முன்மொழிவு: பிறவி எஞ்சின், இன எஞ்சின், அயல் எஞ்சின்.

கோபியிலிருந்து:
வகைப்பாடு அருமை. ஆனால் பிறவி என்றால் பிறவிக் குருடு, பிறவி ஊமை என்று குறையல்லவா நினைவுக்கு வருகிறது? அதோடு இன்னும் எஞ்சினையே கட்டி அழ வேண்டுமா? பொறி என்று எழுத எழுதத்தான் பழகும்.

கரூரிலிருந்து:
பிறவிப் பொறி என்று போட்டுப் பாருங்கள்: கண், காது, மூக்கு!

திருச்செங்கோட்டிலிருந்து:
கூடப்பொறந்த எஞ்சின்னு சொல்லுங்க, லேத்துக்காரருக்கும் புரியும். இதையும் கையேட்டுல சேருங்க: சிலிண்டரைப் பெருசாக்கிக் கடைஞ்சு, அதான் போர் பண்ணிப் பண்ணி, அளவு முடிஞ்சுதுன்னு கூடப்பொறந்த பிளாக்கைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. சிலிண்டரைக் கடைஞ்சு உள்ள ஸ்லீவ் குழாய் இறக்குனா மறுபடி ஸ்டாண்டர்டு பிஸ்டனே போடலாம், எண்ணும் தப்பிச்சுக்கும். தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட் வெடிச்சிருந்தாலும், சூடு காட்டாம வெடிப்பைத் தைக்கிற மாதிரி ஸ்டிட்சிங் பண்ற வழி இருக்கு. அப்படியும் வேற எஞ்சின்தான் போடணும்னா, பழசுக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில வெச்சு, விக்கும்போது வண்டியோட குடுங்க. பாதி மானமாவது மிஞ்சும்.

கோவையிலிருந்து:
நாளை கடைசி நாள் என்பதால் முடிக்கிறேன். கூடப்பிறந்த எஞ்சின், இன எஞ்சின், அயல் எஞ்சின் ஆகிய மூன்றையும் போடுகிறேன். ஆர்சி மட்டும் ஒத்துப்போவதை ‘ஆர்சி ஒப்பு’ என்று தனியே எழுதுகிறேன்.

கோபியிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கூடப்பிறந்த என்பது பேச்சுவழக்கு. ‘உடன்பிறந்த’ என்றாவது திருத்துங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
உடன்பிறப்பே என்று மைக் பிடிக்கத் தோன்றும், வேண்டாம்.

திருச்செங்கோட்டிலிருந்து:
அதெல்லாஞ் சரிங்க. ஜாகுவார் காருக்குத் தர்ற ஆலைப் பதிவுச் சான்றிதழ்ல கியர்பாக்ஸ் எண்ணும் இருக்குது. எஞ்சின் கூடப்பொறந்தது, கியர்பாக்ஸ் வேறன்னா, அதுக்கு என்ன பேருங்க?