பிழை தெரிந்தும் பிடித்துப்போகும் ‘இண்டிபெண்டன்ஸ் டே’: தலைகுனிய வேண்டுமா?

நள்ளிரவுக் காட்சி:

ரோலண்ட் எமரிக் இயக்கத்தில் 1996-இல் வெளிவந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்தைப் போன வாரம் மீண்டும் பார்த்தேன். கல்லூரி விடுதியில் வாடகை விசிடியில் முதன்முதலாகப் பார்த்த நாள் தொட்டு, இந்தப் படம் பிடிக்கும் என்பதை நாலு பேர் நடுவில் சொல்ல நேரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தியே சொல்லி வந்திருக்கிறேன். இனி அப்படித் தாழ்த்தப் போவதில்லை. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேற்றுக்கிரகத்தவரின் தாய்க்கலம் ஒன்று பூமியை நெருங்குகிறது. அதிலிருந்து பிரிந்த தட்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் அகலம், உலகின் பெருநகரங்கள் மேல் வந்து நிற்கின்றன. ஜூலை 2 அன்று தொடங்கும் கதை அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் டேவிட், தம் மடிக்கணினியிலிருந்து ஒரு வைரஸை ஏற்றி எதிரியின் கவசத்தை முடக்குகிறார். நாட்டின் அதிபரே போர் விமானத்தில் ஏறிப் பறக்கிறார். நம்பக்கூடிய கதையன்று; அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 145 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில், முதல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டடம்கூட இடிவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வில் ஸ்மித் நடித்த விமானி காலையில் எழுந்து செய்தித்தாளை எடுக்க வாசலுக்கு வருகிறார். அக்கம்பக்கத்தார் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கண் முதலில் தாளில் இருக்கிறது, பிறகு பக்கத்து வீட்டில், பிறகு தூரத்து வானத்துக்கு மெல்ல உயர்கிறது. நமக்கு முன்பே தெரிந்த ஒன்றை ஒரு மனிதன் கண்டுகொள்ளும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் திரும்பத் திரும்ப இந்தப் படத்திடம் போகிறேன்.

கணக்கதிகாரம்:

நண்பரே, நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். வேற்றுக்கிரகத்தவர் வருவதாகக் கதை கட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். ஆனால் ஒரு கதை தானே வாய்விட்டுச் சொன்ன எண்ணைத் தானே மறந்துவிட்டால், அங்கே எனக்கு ரசனை அறுந்துபோகிறது.

தாய்க்கலத்தின் அகலம் 550 கிலோமீட்டருக்கு மேல் என்றும், அதன் நிறை, நிலவின் நிறையில் கால் பங்கு என்றும் படத்திலேயே சொல்லப்படுகிறது. ஓதத்தை, அதாவது கடல் ஏற்றவற்றத்தை, உண்டாக்கும் விசை நிறைக்கு நேர்விகிதத்திலும், தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் மாறும். அந்தக் கலம் நிலவின் தூரத்தில் பாதிக்கு வந்து நின்றால், தூரம் பாதியானதால் எட்டு மடங்கு, நிறை கால் பங்கானதால் நான்கில் ஒன்று. ஆக, நிலவால் எழும் ஓதத்தைப் போல் இரு மடங்கு எழும். கால் பங்குத் தூரத்துக்கு வந்தால் பதினாறு மடங்கு. ஒரு குண்டும் போடாமலே துறைமுகங்களையும் கடலோரச் சேரிகளையும் அவர்கள் மூழ்கடித்திருக்கலாம். படத்தில் கடல் அசையவே இல்லை. இதைச் சொன்னால் “பொழுதுபோக்குப் படம்தானே” என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாச் சோம்பேறித்தனமும் மன்னிப்புப் பெற்றுவிடுகிறது.

சிற்றுருப் பட்டறை:

சோம்பேறித்தனம் என்ற சொல் என்னை எழுத வைத்துவிட்டது. மேடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் மினியேச்சர் செய்து பிழைப்பவன் நான். ஐயா சொல்லும் கணக்கில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் கையால் செய்த வேலையை மதிப்பிடத் தெரியும்.

வெள்ளை மாளிகை வெடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டரால் வார்த்த மாதிரி. ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். உள்ளே வெடிகளை வைத்து, ஒன்பது கேமராக்களை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். மாதிரியை வெடிக்க வைப்பதில் உள்ள சிக்கல் என்னவென்றால், சின்னப் பொருள் சின்னப் பொருளாகவே சிதறும். துண்டுகள் சட்டென்று கீழே விழுந்துவிடும். கேமராவை வேகமாக ஓட்டிப் பிறகு இயல்பான வேகத்தில் காட்டினால்தான் துண்டுகள் மெதுவாக விழுந்து, கட்டடத்துக்குக் கனம் வரும். வேகம் கொஞ்சம் தப்பினாலும் பொம்மை வீடு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அந்தக் காட்சியில் தெரியவில்லை.

நகரத் தெருவில் நெருப்புச் சுவர் வண்டிகளைப் புரட்டிக்கொண்டு வருகிறதே, அதில்தான் எனக்கு இன்னும் பிரமிப்பு. நெருப்பு இயல்பாக மேல்நோக்கித்தான் எழும். தெருவில் படுக்கைவாட்டில் பாயாது. ஆகவே தெருவின் மாதிரியையே செங்குத்தாக நிமிர்த்தி வைத்து, கேமராவை உச்சியில் பொருத்தி, அடியில் வெடித்தார்கள். தீ தன் குணப்படி மேலே ஏறி வந்தது. திரையில் நம்மை நோக்கித் தெருவெல்லாம் உருண்டு வந்தது. கணக்கைப் பொருட்படுத்தாத படம் என்கிறீர்கள், ஆனால் தீயின் இயல்பை அதில் வேலை செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

கணக்கதிகாரம்:

தெருவை நிமிர்த்தி எடுத்தது எனக்குப் புதுச் செய்தி; நாளை வகுப்பில் சொல்வேன். சோம்பேறித்தனம் என்ற சொல்லைப் பட்டறைக்காரர்களைப் பொறுத்தமட்டில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திரைக்கதைக்கு அது அப்படியே நிற்கிறது. மனிதர் செய்த மடிக்கணினி, முன்பின் அறியாத ஓர் இனத்தின் கணினியோடு எப்படிப் பேசிற்று?

நள்ளிரவுக் காட்சி:

இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்ப விடை என்னிடமில்லை. அமெரிக்காவின் ராஸ்வெல் பகுதியில் விழுந்த வேற்றுக்கிரகக் கலமொன்று பல்லாண்டுகளாக ஏரியா 51 என்னும் இரகசியப் படைத்தளத்தில் ஆய்வில் இருந்ததாகப் படம் சொல்கிறது. அதை வைத்து முட்டுக்கொடுக்கலாம், ஆனால் நான் அதை நம்பி வாதாடப் போவதில்லை.

அந்த யோசனை எழும் இடத்தைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். டேவிட் குடித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தந்தை, சில்லிட்ட தரையில் கிடந்து சளி பிடித்துக்கொள்ளாதே, எழுந்திரு என்கிறார். உலகம் அழிந்துகொண்டிருக்கையில் ஒரு தகப்பனுக்கு மகனுக்குச் சளி பிடித்துவிடுமோ என்றுதான் கவலை. அந்தக் கவலையிலிருந்துதான் வைரஸ் பிறக்கிறது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புக் கதையில் வந்தவர்களைச் சாய்ப்பது பூமியின் நுண்ணுயிரிகள். எமரிக்கும், அவரோடு திரைக்கதை எழுதிய டீன் டெவ்லினும் அந்த நுண்ணுயிரிக்குத் தங்கள் காலத்து உருவம் கொடுத்தார்கள். அடுத்த காட்சியிலேயே ஒரு பானத்தின் டின்னைக் கைப்பற்றிய கலத்தின் மேல் வைத்து, அதைச் சுடச் சொல்கிறார் டேவிட். கவசம் குண்டைத் திருப்பிவிடுகிறது. மடிக்கணினியில் ஏதோ செய்துவிட்டு மறுபடி சுடச் சொல்கிறார், டின் பறக்கிறது. கடைநிலைப் பார்வையாளருக்கும் திட்டம் புரிந்துவிட்டது. இது திரைக்கதை வேலை இல்லையென்றால் வேறெது?

தெற்கு வாசல்:

நீங்கள் இருவரும் கணினியிலேயே நின்றுவிட்டீர்கள். இந்தப் படத்தில் என்னை உறுத்துவது வேறு. தாக்குதலுக்கு உள்ளானது உலகம் முழுவதும். ஆனால் உலகம் முழுவதும் கைகட்டிக் காத்திருக்கிறது. அமெரிக்கர்கள் வழி கண்டுபிடித்து மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கையும் காலும் முளைக்கின்றன. இராக் பாலைவனத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரி, ஒருவழியாக இப்போதாவது அழைத்தார்களே என்று பெருமூச்சு விடுகிறார். இறுதியில் மற்ற கண்டங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்: எகிப்துக்குப் பிரமிடு, ஆஸ்திரேலியாவுக்கு ஆப்பரா அரங்கம், ஆப்பிரிக்காவுக்கு ஈட்டி ஏந்தி ஓடும் மனிதர்கள். அந்த ஈட்டியைப் பார்த்த பிறகும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் சாம்பலாகின்றன. அமெரிக்கப் படையே ஹூஸ்டன் மேல் அணுகுண்டு வீசுகிறது. எத்தனை இலட்சம் பேர் போனார்கள் என்று எவரும் வாய் திறப்பதில்லை. தெருவில் தீ வரும்போது வண்டிகளுக்குள் மனிதர்கள் இருந்தார்கள்; நமக்கு அடுத்து காட்டப்படுவது, ஒரு நாய் தாவிக் குதித்துச் சுரங்கப்பாதை அறைக்குள் தப்பிப்பது. அரங்கம் நாய்க்காகக் கை தட்டிற்று. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

நள்ளிரவுக் காட்சி:

ஈட்டியைப் பற்றி உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு நான் எந்த முட்டும் கொடுக்க மாட்டேன். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த எமரிக் அமெரிக்கப் பெருமிதத்தை அமெரிக்கர்களைவிட உரக்கப் பாடியிருக்கிறார் என்பது விளக்கமாகலாமே தவிர, சமாதானம் ஆகாது. அமெரிக்க இராணுவமே, ஏரியா 51 பற்றிய பேச்சை நீக்கச் சொல்லி, படக்குழு மறுத்ததும் ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டது. ஆக, அரசுச் சார்புப் படம் என்றும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை.

இறந்தவர்களைப் படம் மறந்துவிட்டது என்பதில் மட்டும் பாதிதான் ஒப்புவேன். அதிபரின் மனைவி ஹெலிகாப்டர் விபத்தில் அடிபட்டு, கடைசியில் கணவன் அருகில் இறந்துபோகிறாள். வெளியே மகள், அம்மா தூங்குகிறாளா என்று கேட்க, ஆமாம் என்கிறார் அதிபர். வேறெந்த வசனமும் இல்லை. மனைவி போன நாள் முதல் கடவுளோடு பேசுவதை நிறுத்தியிருந்த டேவிட்டின் தந்தை, இறுதித் தாக்குதலின்போது பதுங்கிடத்தில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பிரார்த்தனை சொல்லித்தருகிறார். இலட்சம் சாவைக் காட்டத் தெரியாத படம், ஒரு சாவை எப்படிச் சுமப்பது என்று அறிந்திருக்கிறது. இது போதாது என்பீர்கள். எனக்கும் போதவில்லை, ஆனால் இது இல்லாத படங்களை நிறையவே பார்த்துவிட்டேன். 2016-இல் இதே இயக்குநர் எடுத்த இரண்டாம் பாகத்தில் எல்லாம் பெரிதாக இருந்தது. தரையில் சளி பிடித்துவிடுமென்று அஞ்சும் ஒரு மனிதருக்கான பொறுமை மட்டும் அதில் இல்லை.

சிற்றுருப் பட்டறை:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரைக் கொடுத்துக் கலத்தை வீழ்த்தும் அந்தக் குடிகார விமானி, முதலில் எடுத்த காட்சியில் பூச்சிமருந்து தெளிக்கும் தம் பழைய இரட்டை இறக்கை விமானத்தில், ஏவுகணையைக் கட்டிக்கொண்டு வந்தார். முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது ஒட்டவில்லை. மீண்டும் எடுத்து, அவரைப் போர் விமானத்தில் உட்கார வைத்தார்கள். நம்பும்படி இருக்க வேண்டும் என்ற கவலையே இல்லாதவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

கணக்கதிகாரம்:

அந்தக் கவலை கடைசிக் காட்சிக்கும் இருந்திருக்கலாம். வில் ஸ்மித் நடித்த விமானி முன்பு தம் காதலியின் மகனுக்கு வாணவேடிக்கை காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தாய்க்கலம் வெடித்து, அதன் துண்டுகள் வானில் எரிந்து விழுகையில், அதைக் காட்டி, சொன்னபடி காட்டிவிட்டேனா என்கிறார். நிலவில் கால் பங்கு நிறை ஐயா அது. அதில் மிகச் சிறு பகுதி காற்றுமண்டலத்தில் எரிந்தாலும் அந்த வெப்பத்தில் நிலத்தில் எதுவும் மிஞ்சாது. வாணவேடிக்கை பார்க்க அந்தப் பிள்ளை இருந்திருக்க மாட்டான்.

நள்ளிரவுக் காட்சி:

உங்கள் கணக்கு சரி. போன வாரம் அந்த இடம் வந்தபோது அதுவே என் நினைவிலும் ஓடிற்று. என் எட்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தபோது, அவளும் தலையைத் தூக்கி எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.