மாடி நிறையப் பூ, தேனீ மட்டும் வரலை. பெட்டி வைக்கலாமா?

மாடிக்கொடி: பூசணி நல்லா படர்ந்து பூக்குது. ஆனா பெண் பூ பிஞ்சோட மஞ்சளாகி உதிருது. தேனீ எட்டிக்கூடப் பார்க்கலை. இத்தனைக்கும் அடுக்குச் செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூன்னு மாடி முழுக்க நிறம்தான். ஒரு தேனீப் பெட்டி வாங்கி வச்சா சரியாகுமா?

பச்சைவிரல்: இப்போதைக்கு நீங்களே தேனீ ஆகிடுங்க. பூசணிப் பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினா சுருங்கிடும். அதுக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, பெண் பூவோட நடுவுல தடவி விடுங்க.

துளசிக்காடு: பெட்டி வேண்டாம். அந்தத் தேனீ ஒரு கிலோமீட்டர் தாண்டியும் மேயப் போகும், உங்க பூசணிக்குன்னு காத்து நிக்காது. உங்க மாடியில இருக்கறது நம்ம கண்ணுக்கான பூ. அடுக்குப் பூவுல மகரந்தத் தாள் பாதி இதழா மாறிப்போச்சு, உள்ளே தேடினாலும் பெருசா ஒண்ணும் கிடைக்காது. காகிதப்பூவுல நிறம் காட்டுறது பூவே இல்லை. நடுவுல குட்டியா ஒரு வெள்ளைக் குழல் இருக்கு பாருங்க, அதுதான் பூ. தேனீயோட நாக்கு அதுக்குள்ள எட்டாது. சிவப்பும் அதுக்குச் சரியா தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளைன்னு போங்க.

துளசி, திருநீற்றுப்பச்சிலை, கடுகு, கொத்தமல்லி போதும். கொத்தமல்லி முத்திடுச்சுன்னு பிடுங்காதீங்க, குடை குடையா பூக்கட்டும். இன்னொண்ணு, தேனீ ஒரு நடைக்குப் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் சுத்தும். வகைக்கு ஒரு செடின்னு வாங்கி அடுக்காம (நர்சரிக்குப் போனா நம்ம கை சும்மா இருக்காதே!), ஒரே வகையை அஞ்சாறு தொட்டியா சேர்த்து வைங்க. தேனீ உட்கார்ந்து குடிக்க, அகலமான தட்டுல கூழாங்கல் போட்டு, கல் முங்காத அளவுக்குத் தண்ணி.

மருந்து ஏதாவது அடிக்கிறீங்களா?

மாடிக்கொடி: வெள்ளை ஈக்கு இமிடாகுளோபிரிட். வேர்லதான் ஊத்துறேன், பூ மேல படலையே? துளசிக் கதிரைக் கிள்ளாம விட்டா செடி முத்திடாதா?

துளசிக்காடு: வேர்ல ஊத்தினாலும் அது சாறோட ஏறி மகரந்தம், தேன் வரைக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018ல திறந்தவெளிப் பயிருக்கு அதைத் தடை பண்ணதே தேனீக்காகத்தான். நிறுத்திடுங்க. வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணியில கலந்து, சாயங்காலமா இலைக்கு அடியில மட்டும் அடிங்க. துளசி முத்தத்தான் செய்யும். பாதித் தொட்டியைக் கிள்ளி பறிப்புக்கு வச்சுக்கோங்க, மீதியைப் பூக்க விடுங்க.