கண்மாய்க் கோடை: இந்த மே மாசம் பிள்ளைங்களுக்கு எதை, எப்படிச் சொல்லித் தரலாம்?

வரத்துக்கால் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மேலூர்ப் பக்கம். மே மாசம் முழுக்க மூணு பிள்ளைங்க ஊர்ல இருக்கப் போறாங்க. வயசு 12, 13, 15. டவுன்ல வளர்ந்தவங்க, மூணு பேருக்கும் நீச்சல் தெரியாது. முங்கிக் குளிக்கிறது, தூண்டில், ஊத்தாக் கூடையில மீன் பிடிக்கிறது, தண்ணி மேல சில்லு விடுறது, நுங்கு வண்டின்னு அந்த வயசுல ஒரு கண்மாய் தர்ற சந்தோஷம் எல்லாம் அவங்களுக்கும் கிடைக்கணும். "அந்தக் காலத்துல நாங்கல்லாம்"னு ஏங்கி எழுதுற பதிவு எங்க பார்த்தாலும் இருக்கு. எப்படிச் செய்யுறதுன்னுதான் யாரும் எழுதுறதில்லை.

தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க. எங்க இறக்கணும், எதை வச்சு நீச்சல் பழக்கணும், தூண்டில் எப்படிக் கட்டணும், எதுல கவனமா இருக்கணும்? கண்மாயில இப்போ முக்கால்வாசி வத்திப்போச்சு. மடைப் பக்கமும், கரைக்கு எதிர்ப்பக்கம் உள்வாயில ரெண்டு மூணு இடத்துலயும் மட்டும் தண்ணி நிக்குது.

---

கலுங்கடி எழுதியது:

உங்க கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

கண்மாயோட தரை உள்வாயில இருந்து கரையை நோக்கிச் சரிஞ்சு வரும். அதனால தண்ணி வத்தும்போது கடைசியா மடைக்கு முன்னாடி நிக்கிறது இயற்கை. உள்வாயில தனியா வட்டமாவோ சதுரமாவோ தண்ணி நின்னா அது இயற்கை இல்லை. பொக்லைன் வச்சு மண் அள்ளின பள்ளம் அது. சுத்தி எல்லாம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கும், அங்க மட்டும் தெளிஞ்ச தண்ணி நிக்கும். பிள்ளைங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும். பழைய கண்மாய்த் தரை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். இந்தப் பள்ளத்துக்கு ஓரம்னு ஒண்ணு கிடையாது, செங்குத்தா வெட்டின சுவர்தான். முதல் அடி முழங்கால், ரெண்டாவது அடி ஆளுயரத்துக்கும் மேல. ஏறலாம்னு பிடிச்சா நனைஞ்ச களிமண் கையோட வழிஞ்சு வரும். அந்த ரெண்டு மூணு இடத்துல யாரையும் இறக்காதீங்க. நீச்சல் தெரிஞ்சவங்களையும்தான்.

மடைப் பக்கத் தண்ணியில இறக்குறதா இருந்தா, மடை அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. திறந்திருந்தா மேல அலையே தெரியாது, அடியில தண்ணி வெளியேறுற தூம்பு வாய் இழுக்கும். மடைக்கல்லுல இருந்து குறைஞ்சது முப்பதடி தள்ளியே இருக்கணும். பத்தடி மூங்கில் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் பெரியவங்க ஒருத்தர் முதல்ல இறங்கி, ஒவ்வொரு அடியிலயும் குத்திப் பார்த்துக்கிட்டே போகணும். பிள்ளைங்க நெஞ்சளவு வர்ற இடத்துல குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிடுங்க. அதுதான் எல்லை. இந்த வேலையை வாரம் ஒருக்கா திரும்பச் செய்யணும், ஏன்னா வெயில்ல தண்ணி இறங்க இறங்க எல்லையும் உள்ள நகரும்.

சேறு இன்னொரு விஷயம். கரம்பைச் சேத்துல கால் முழங்கால் வரைக்கும் புதைஞ்சா நேரா மேல இழுக்கக் கூடாது. இழுக்குற அளவுக்கு அடியில உறிஞ்சிப் பிடிக்கும், இன்னொரு காலும் இறங்கிடும். முன்பக்கமாச் சாய்ஞ்சு கை ரெண்டையும் விரிச்சு எடையைப் பரப்பி, புதைஞ்ச காலை அப்படியும் இப்படியும் ஆட்டணும். இடுக்குல தண்ணி இறங்கினதும் கால் தானா விடும். இதைக் கணுக்கால் ஆழத்துலயே பழக்கி விட்டுடுங்க.

இனி நீச்சல். அந்தக் காலத்துச் சுரைக்குடுக்கைக்குப் பதிலா இப்போ அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் ரெண்டு போதும். மூடிக்கு அடியில சைக்கிள் டியூப் துண்டு வச்சு இறுக்குங்க. காத்து கசியுதான்னு தண்ணியில அமுக்கிப் பார்த்துட்டுத்தான் கட்டணும். நைலான் கயிறு நனைஞ்சா தோலை அறுக்கும். பழைய நூல் சேலையைக் கிழிச்சுத் திரிச்சுக்கோங்க. கேன் வர வேண்டிய இடம் முதுகுல, அக்குளுக்கு நேரா. நிறையப் பேர் இடுப்புல கட்டுறாங்க, அது பெரிய தப்பு. இடுப்பு மேல மிதந்து தலை கீழே போயிடும்.

முதல் ரெண்டு நாள் இடுப்பளவுத் தண்ணியில உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கால் மட்டும் அடிக்கட்டும். மூச்சை முழுசா இழுத்து நிறுத்தினா உடம்பு மேல வரும், விட்டா கீழே இறங்கும். இதை ஒவ்வொரு பிள்ளையும் தானே செஞ்சு பார்க்கணும். பயம் போறது இதுலதான். மூணாம் நாள் நாய் நீச்சல். அதுக்கப்புறம் கேனை ஒரேயடியாக் கழட்டாதீங்க. தினமும் ஒவ்வொரு கேன்லயும் ஒரு லிட்டர் தண்ணி ஊத்திக்கிட்டே வாங்க. உள்ள தண்ணி ஏற ஏறத் தூக்குற பலம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும், பிள்ளைக்குத் தெரியாது. ரெண்டு கேனும் நிறைஞ்ச அன்னைக்கு அது சொந்தமாத்தான் நீந்துது.

---

ஊத்தாக்காரன் எழுதியது:

கலுங்கடி அண்ணன் தண்ணியைப் பத்திச் சொல்லிட்டார், நான் மீனைப் பத்திச் சொல்றேன்.

முதல்ல மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கிற உரிமை, யார் எடுத்திருக்காங்கன்னு விசாரிங்க. பிள்ளைங்க தூண்டில் போடுறதை யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறதுதான் மரியாதை.

தூண்டில் கம்பு மூங்கில்ல ஆறு, ஏழடி. நரம்பும் அதே நீளம் இருக்கட்டும். கூடினா பிள்ளைங்க கையில சிக்கிக்கும். தக்கைக்கு மயில் இறகுத் தண்டு கிடைச்சா நல்லது, இல்லேன்னா காஞ்ச சோளத்தட்டை உள்நெட்டி ரெண்டு விரல் நீளம். முள்ளுக்கு நாலு விரக்கடை மேல சின்ன ஈயத் துண்டு. தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள தூரத்தை, முள் சேத்துல படாம அரையடி மேல நிக்கிற மாதிரி வைங்க. சேத்துல புதைஞ்ச இரை ஜிலேபி மீன் கண்ணுல படாது.

ஜிலேபிக்கு மண்புழுவை முழுசாக் கோக்காதீங்க. வால் தொங்கினா அதை மட்டும் கடிச்சுட்டுப் போயிடும். அரைப் புழுவை முள் மறையுற மாதிரி ஏத்துங்க. கெண்டைக்கு மைதா மாவுல கொஞ்சம் பஞ்சு வச்சுப் பிசைஞ்சு, மிளகு அளவு உருட்டணும். பஞ்சு இல்லாத மாவு தண்ணி பட்டதும் கரைஞ்சுடும். தக்கை துடிக்கும்போது இழுக்கிறதுதான் புதுசாப் போடுறவங்க தப்பு. துடிப்பு வெறும் முகர்றது. தக்கை ஒரு பக்கமா நகரணும், இல்லேன்னா அப்படியே உள்ள போகணும். அப்போ மணிக்கட்டை மட்டும் வெட்டுங்க, தோளை வச்சு இழுத்தா மீன் வாய் கிழிஞ்சு போயிடும். வெயில் ஏறினா மீன் கடிக்காது. காலையில ஏழரைக்குள்ள, இல்லேன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல.

அடுத்தது ஊத்தா. சிவகங்கை, புதுக்கோட்டை, நத்தம், மேலூர்ப் பக்கம் கோடையில தண்ணி வத்தினதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கிற அழிகண்மாய் மீன்பிடித் திருவிழா ஒவ்வொரு ஊராப் போகும். விடியுமுன்னே ஊத்தா, கச்சா, தூரி, பரின்னு அவங்கவங்க சாமானோட கரையில சனம் கூடிடும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசின பிறகுதான் யாரும் இறங்கணும். பிள்ளைங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வைங்க. பக்கத்துல நிக்கிறவன் துள்ளுறதைப் பார்த்து ஒருத்தன் முந்திக் கால் வச்சாலும் சத்தம் வரும்.

ஊத்தா ரெண்டு பக்கமும் திறந்த கூடை, அடி அகலம், வாய் சின்னது. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு ரெண்டடி உயரம் போதும். வாங்கும்போது அடிக்குச்சி எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கான்னு தரையில வச்சுப் பாருங்க. ஒரு குச்சி குட்டையா இருந்தா அந்தச் சந்து வழியாவே மீன் போயிடும். முழங்காலுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட தண்ணியில, வரிசையா நடந்துக்கிட்டே, அடிக்கு ஒரு குத்து. குத்தினதும் தூக்கக் கூடாது. சேத்துல ஒரு விரல் ஆழம் இறங்குற மாதிரி அழுத்திக்கிட்டு ரெண்டு நொடி நிக்கணும். உள்ள மீன் இருந்தா குச்சியில "டப் டப்"புனு மோதுறது உள்ளங்கையில தெரியும். அந்த ரெண்டு நொடிக்குத்தான் இத்தனை பேர் இருட்டோட வந்து நிக்கிறது.

மோதுச்சுன்னா மேல்வாயை நெஞ்சால மறைச்சுக்கிட்டு ஒரு கையை உள்ள விடுங்க. விரலை நீட்டித் துழாவாம, உள்ளங்கையை விரிச்சுத் தரையோட அமுக்கணும். வழுவழுன்னு உருண்டையா இருந்தா விரால். செவுளுக்குள்ள கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்குங்க. மீசை தட்டுப்பட்டா உடனே கையை எடுத்துடணும். கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள் உண்டு. பழகினவங்க பக்கத்து முள்ளுக்குப் பின்னாடி ரெண்டு விரலைக் கவட்டை மாதிரிக் கொடுத்துப் பிடிப்பாங்க. பிள்ளைங்க பெரியவங்களைக் கூப்பிடட்டும்.

சின்னவனுக்கு ஊத்தா கனமா இருந்தா பழைய சேலை போதும். ஆளுக்கு ரெண்டு முனை பிடிச்சு, கீழ் ஓரத்தைக் கால் பெருவிரலால தரையோட அமுக்கிக்கிட்டே பத்தடி நடந்து, சட்டுனு தூக்கணும். அயிரையும் கெண்டைப் பொடியும் துள்ளும்.

---

வரத்துக்கால் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கலை. கெளுத்தி முள் குத்திட்டா என்ன செய்யணும்? கோடையில பிடிக்கிற மீன் சேத்து வாடை அடிக்குதுன்னு பிள்ளைங்க சாப்பிட மாட்டேங்குறாங்க, அதுக்கு வழி உண்டா?

---

மண்சட்டி எழுதியது:

வாடைக்கு மட்டும் சொல்றேன் தம்பி. தண்ணி வத்தி நிக்கும்போது சேத்துல இருக்கிற நுண்ணுயிரும் பாசியும் விடுற ஒரு பொருள் மீன் தசையில ஏறிடும். அதோட பேர் ஜியோஸ்மின். புது மழையில மண் வாசம் வருதே, அதுக்குக் காரணமும் இதேதான். புளிப்பு பட்டா இது உடையும். கண்மாய் மீனுக்கு நம்ம பக்கம் புளியும் மாங்காயும் சேர்த்துப் போடுறது காரணமில்லாம இல்லை.

உயிரோட பிடிச்ச விராலை ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணித் தொட்டியில விடுங்க. விரால் மேல வந்து காத்தைக் குடிக்கிற மீன், சாகாது. ஆனா துள்ளி வெளியே விழுந்துடும், மேல சாக்கு கட்டணும். அலசும்போது கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு, சொரசொரப்பான கல்லுல தேய்ச்சு வழவழப்பு முழுசும் போக்குங்க. ஜிலேபி, கெண்டையில வயித்துக்குள்ள ஒட்டியிருக்கிற கருப்புத் தோலை விரலால உரிச்சு எடுத்துடணும். அதுலயும் வாடை இருக்கு. பிறகு புளிச்ச மோர்ல கால் மணி நேரம் ஊற வச்சு அலசுங்க.

ஒரு கிலோ மீனுக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி ரெண்டு, புளிப்பு மாங்காய் பாதி. நல்லெண்ணெய், வெந்தயம் அரைக் கரண்டி. மசாலா பச்சை வாடை போய், ஓரத்துல எண்ணெய் பிரிஞ்ச பிறகுதான் மீன். போட்டதும் கரண்டி விடாதீங்க, சட்டியைப் பிடிச்சுச் சுத்தி விடுங்க. பத்து நிமிசத்துல இறக்கிடலாம். மதியம் வச்ச குழம்பை ராத்திரி ஊத்துங்க, பிள்ளைங்க கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

---

அல்லிக்குளம் எழுதியது:

செவிலியர் வேலையில இருக்கிறதால முள் குத்து, தண்ணி ஆபத்து ரெண்டுக்கும் சொல்றேன்.

கெளுத்தியோ தேளி மீனோ குத்தினா அந்த இடத்தைத் தாங்குற அளவு சூடான தண்ணியில அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைங்க. அந்த விஷம் சூட்டுல சிதையும், வலி அடங்கும். குத்தின கைக்குச் சூடு சரியாத் தெரியாது, அதனால மத்தக் கையால பார்த்துட்டு வைங்க. ஐஸ் வேண்டாம். முள் உள்ள முறிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும், டிடி ஊசியும் போடணும்.

தண்ணி கலக்கிக் கடும்பச்சையா, மேல பெயின்ட் கொட்டின மாதிரி இருந்தா அன்னைக்குக் குளியல் வேண்டாம். கால்ல புண் இருந்தாலும் இறங்கக் கூடாது. ஆடு மாடு இறங்குற தண்ணியில எலிக்காய்ச்சல் வரும். வெயில்ல சூடேறி, வத்திக் குறைஞ்சு நிக்கிற தண்ணியில மூளையைத் தின்னும் அமீபாவும் இருக்கலாம். 2024ல கேரளாவுல பிள்ளைங்க இறந்தது அதனாலதான். ரொம்ப அரிது, வந்தா பிழைக்கிறது கஷ்டம். அது மூக்கு வழியா மட்டுமே ஏறும். அதனால மே மாசத்துல குதிக்கிறதும் முங்கு நீச்சலும் வேண்டாம், தலையை மேல வச்சே நீந்தட்டும், அடிச் சேத்தைக் கிளறக் கூடாது. ஊத்தா அன்னைக்கும் இதேதான்: முகம் தண்ணியில படக் கூடாது. குளிச்ச பன்னிரண்டு நாளுக்குள்ள கடுமையான தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் வந்தா, கண்மாயில குளிச்சதை டாக்டர்கிட்ட நீங்களே முதல்ல சொல்லுங்க.

யாராவது தத்தளிச்சா பிள்ளைங்க உள்ள குதிக்கக் கூடாது. கேன், மூங்கில், முடிச்சுப் போட்ட சேலைன்னு எதையாவது நீட்டணும். கரையில தூக்கிப் போட்டதும் வயித்தை அமுக்குறது, தலைகீழாச் சுத்துறது எல்லாம் வேண்டவே வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சு இல்லேன்னா மூக்கைப் பொத்தி வாயோட வாய் வச்சு அஞ்சு தடவை ஊதுங்க, பிறகு நெஞ்சு நடுவுல முப்பது அழுத்து, ரெண்டு ஊது, இப்படியே 108 ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்.

---

கலுங்கடி எழுதியது:

தங்கச்சி சொன்னதைக் கேட்டு நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன்: அந்த எல்லைக் குச்சியை நெஞ்சளவுல வேண்டாம், இடுப்பளவுலயே நட்டுடுங்க. நெஞ்சளவுல தடுக்கினா முகம் உள்ள போயிடும்.

சில்லும் வண்டியும் விட்டுப்போச்சு. சில்லுக்குக் கூழாங்கல்லைவிட உடைஞ்ச பானை ஓடு நல்லது, உள்ளங்கை அகலம், ஓரம் உரசி வட்டமாக்கினது. ஆள்காட்டி விரலை ஓரத்துல வளைச்சுக் கொடுத்துச் சுழட்டி விடணும். சுழற்சி இல்லாத சில்லு முதல் தட்டுலயே குப்புற விழும். தண்ணிக்கும் சில்லுக்கும் 20 டிகிரி சாய்வு, முன்விளிம்பு கொஞ்சம் தூக்கி இருக்கணும். காத்து விழுந்த சாயங்காலம் விடுங்க.

நுங்கு வண்டிக்கு ஒரே அளவுல ரெண்டு கோந்தை, அதாவது நுங்குக் கண்ணு எல்லாம் தோண்டின பனங்காய். அச்சுக்கு ஒரு சாண் வேப்பங்குச்சி, ரெண்டு முனையும் சீவி, கோந்தையோட நடுவுல இறக்குங்க. பச்சைக் குச்சி காஞ்சா சுருங்கி ஆடும், காஞ்ச குச்சியா எடுங்க. தள்ளுறதுக்கு மூணடிக் கவட்டைக் கம்பு, கவட்டை அச்சுமேல லேசா உட்காரணும். இறுகினா சக்கரம் சுத்தாம இழுபடும், கொஞ்சம் நுங்குத் தண்ணியை அச்சுல தடவி விட்டா ஓடும். கோந்தை மூணு நாள்ல காஞ்சு சுருங்கிடும், அதனால மூணு நாளுக்கு ஒருக்கா நுங்கு வெட்டியாகணும். அதுக்கு பிள்ளைங்க மறுப்பு சொல்லாது.