மாலையானால் மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது, என்ன செய்யலாம்?

மெல்லிசை:
வணக்கம். பகலெல்லாம் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், மாலையில் பாட்டு சாதகம். கொஞ்ச காலமாகக் கீழே எல்லாம் சரியாக வருகிறது, மேலே போய் மெதுவாகப் பாட வேண்டிய இடத்தில் மட்டும் முதலில் வெறும் காற்று வந்து அப்புறம்தான் சத்தம் பிடிக்கிறது. உரக்கப் பாடினால் வந்துவிடும். வலி இல்லை. காலையில் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல் இருப்பதால் கனைத்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குரலுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று கிசுகிசுவென்றுதான் பேசுகிறேன். இன்னும் அதிகமாகச் சாதகம் செய்தால் சரியாகுமா?

நெடுமூச்சு:
சாதகத்தைக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. உரக்கப் பாடினால் வருகிறது, மெல்லப் பாடினால் வரவில்லை என்பது குரல் நாண்களின் ஓரம் லேசாக வீங்கியிருக்கும்போது வருகிற அறிகுறி. மெல்லிய சத்தத்துக்கு அந்த ஓரங்கள் சரியாகச் சேர வேண்டும். உரக்கப் பாடும்போது காற்றின் வேகத்தில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறோம், அதனால் கோளாறு தெரிவதில்லை. பாட்டை விடப் பேச்சின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பெண் குரலில் சாதாரணப் பேச்சுக்கே நாண்கள் நொடிக்கு 200 தடவை போல மோதும். பேச்சில் பாதி நேரம்தான் அதிர்கின்றன என்று வைத்தாலும் ஒரு 40 நிமிட வகுப்புக்கு 2 லட்சத்துக்கு மேல் வருகிறது, நாள் முழுக்க எத்தனை வகுப்பு என்று பாருங்கள். இது ஓயாமல் நடந்தால், கையில் காய்ப்பு விழுவதைப் போல நாண்களிலும் முடிச்சு விழலாம். வகுப்பில் ஒரு சின்ன மைக் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம், அதனால் பிள்ளைகள் அடங்கிய பிறகே பேசுங்கள். கிசுகிசுப்பது ஓய்வு இல்லை, பலருக்கு அதில் தொண்டை இன்னும் இறுகும். தாழ்ந்த, இயல்பான குரலில் கொஞ்சமாகப் பேசினாலே போதும். கனைப்பதும் நாண்களை ஒன்றோடொன்று அறைவதுதான். கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள்.

தாழ்சுருதி:
தண்ணீர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குடிக்கிற தண்ணீர் குரல் நாணைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாயில் போகிறது, தொட்டால் புரையேறிவிடும். உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்துதான் அங்கே போய்ச் சேரும் என்பதால் மேடைக்கு முன்னால் ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். நேராகப் போய்த் தொடுவது ஆவிதான். வெறும் தண்ணீர் ஆவி போதும்.

அப்புறம் அந்தக் காலைக் கனைப்பு. நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட இரவில் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறலாம், அதுவாக இருக்க வாய்ப்புண்டு. சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுத்துப் பாருங்கள். அலர்ஜி மாத்திரை எடுக்கிறீர்களா? சிலது தொண்டையை உலர்த்திவிடும்.

மெல்லிசை:
ஆமாம், தும்மலுக்கு மாத்திரை போடுவதுண்டு. அது இதோடு சேரும் என்று நினைத்ததே இல்லை. சரி, அடுத்த வாரம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறதே, பாடலாமா? டாக்டரிடம் எப்போது போவது?

நெடுமூச்சு:
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்தவரிடம் வேறு கேளுங்கள். கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் போனால் ஈஎன்டி டாக்டரிடம் போங்கள், நீங்கள் பாடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்ட்ரோபோஸ்கோப்பி, அதாவது மின்னி மின்னி எரியும் வெளிச்சத்தில் நாண்கள் அதிர்வதைப் பார்க்கும் சோதனை, செய்து பார்ப்பார்கள். முடிச்சு என்றே சொன்னாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் முதலில் குரல் பயிற்சிதான், எடுத்ததும் அறுவை சிகிச்சை இல்லை. ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போய்விட்டால் அது நாணில் ரத்தக்கசிவாக இருக்கலாம், அங்கேயே பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டும்.

நிகழ்ச்சிக்கு, ஒரு சுருதி இறக்கிக்கொள்ள முடிந்தால் இறக்குங்கள். ஒத்திகையில் முழுக்குரல் வேண்டாம். ஒரு மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியாகவே முனகி, கீழிருந்து மேலே மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்த் திரும்புங்கள். ஸ்ட்ராவில் காற்று தடைபட்டு உள்ளே அழுத்தம் திரும்புவதால் நாண்கள் பலமாக மோதாமலே அதிரும். தினமும் காலையும் மாலையும் தெரிந்த ஒரே வரியை மேலே, ரொம்ப மெல்லப் பாடிப் பாருங்கள். சத்தம் தாமதமாகப் பிடித்தால் அன்றைக்குப் பாட்டு வேண்டாம், நிகழ்ச்சி நாளிலும் அப்படியே இருந்தால் அமைப்பாளர்களிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.