பழைய வீடு இன்னும் விற்கவில்லை, புது வீட்டுக்கு விலை பேசலாமா?

ஜன்னலோரம் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பது சொந்த வீடு. பதினொரு வருடமாகக் கடன் கட்டுகிறோம், இன்றைய விலையோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. மாமியார் எங்களோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது, அவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, அதனால் தரைத்தளத்திலேயே படுக்கையறை இருக்கிற வீடாகத் தேடிக்கொண்டே இருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று பார்த்தோம். மாமியார் எதையும் பிடித்துக்கொள்ளாமல் வாசலிலிருந்து நேராக அந்த அறைக்குள் நடந்து போய் ஜன்னலைத் திறந்தார். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டை நாங்கள் இன்னும் விற்பனைக்கே போடவில்லை. அந்த வீட்டுக்காரர் பத்து நாளில் பதில் கேட்கிறார், இன்னொரு குடும்பமும் இரண்டாவது தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். தரகர், "முதலில் முன்பணம் கொடுத்துப் பிடித்துவிடுங்கள், உங்கள் வீடு இரண்டே மாதத்தில் போய்விடும்" என்கிறார். கணவர் பிரிட்ஜ் லோன், அதாவது பழைய வீடு விற்றுப் பணம் வரும் வரைக்குமான இடைக்காலக் கடன், வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. சரி, முதலில் விற்றுவிடலாம் என்றால், நடுவில் வாடகை வீடு, இரண்டு தடவை சாமான் கட்டுவது, அதுவும் வயதானவரை வைத்துக்கொண்டு. இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள். விலை பேசலாமா, பேசினால் என்ன நிபந்தனை போடச் சொல்லலாம்?

இரண்டு சாவி:

மாமியார் ஜன்னலைத் திறந்ததைப் படித்ததும் எங்கள் கதைதான் ஞாபகம் வந்தது சகோதரி. நாங்களும் இப்படி ஒரு வீட்டில் மனத்தைப் பறிகொடுத்து, முன்பணம் கொடுத்து, கிரயமும் முடித்துக் குடிபோன பிறகுதான் பழைய வீட்டை விற்பனைக்குப் போட்டோம். எங்கள் தரகரும் இரண்டு மாதம் என்றுதான் சொன்னார். ஒன்பது மாதம் ஆனது.

ஆள் வராமல் இல்லை. நான்காவது மாதத்தில் ஒருவர் விலை பேசி முடித்து முன்பணமும் கொடுத்தார், பிறகு அவருக்கு வங்கி கடன் தரவில்லை, ஆறு வாரம் அதிலேயே போயிற்று. அடுத்து வந்தவர் தன் வீட்டை விற்றுத்தான் எங்களுக்குப் பணம் தர முடியும், அவர் வீட்டை வாங்குகிறவருக்கும் அதே நிலைமை. இந்தச் சங்கிலியில் எங்கோ ஒருவர் நின்றுவிட்டால் அவரை முன்பின் தெரியாத நாமும் நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் காலி வீடு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம், நடுவில் ஒரு மாதம் போக முடியவில்லை. போய்ப் பார்த்தால் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் இணைப்பு சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. காப்பீட்டில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்தால் பல பாலிசிகளில் நீர்க்கசிவு, திருட்டு போன்றவற்றுக்கான பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறார்கள். பாலிசியில் அந்தப் பத்தியை இப்போதே தேடிப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. வாங்க வருகிறவர் காலி அறைகளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வியே "குடிபோய் எவ்வளவு நாள் ஆச்சு?" என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் விலையே சொல்வார். நமக்கு அவசரம் என்று தெரிந்த பிறகு நல்ல விலை வராது.

கணக்கை இப்படிப் போடுங்கள். உங்கள் வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். கடன் பாக்கி 35, தரகும் மற்ற செலவும் 4 போனால் கையில் நிற்பது 61. அவசரத்தில் 92க்கு விற்றால் கையில் 53. அதாவது விலையில் 8 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் கைக்கு வருவதில் 13 சதவீதம் போய்விட்டது, ஏனென்றால் கடன் பாக்கியில் யாரும் ஒரு பைசா குறைப்பதில்லை. புது வீட்டுக்கு நீங்கள் சொல்லப் போகிற விலையை 61ஐ வைத்துப் பார்க்காதீர்கள், 53ஐ வைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு காகிதத்தில் மாதம் மாதமாக எழுதுங்கள். இரண்டு தவணை, இரண்டு வரி, இரண்டு காப்பீடு, இரண்டு பராமரிப்பு, எல்லாவற்றையும் கூட்டி, சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். எந்த மாதத்தில் பூஜ்யம் வருகிறது? மூன்றாவது மாதம் என்றால் வேண்டாம், எத்தனை அழகான ஜன்னலாக இருந்தாலும் வேண்டாம். பன்னிரண்டாவது மாதம் என்றால் தைரியமாகப் பேசுங்கள். நாங்கள் அந்தக் காகிதத்தைக் கடைசி வரை எழுதவே இல்லை. ஏழாவது மாதத்தில் நகையை அடகு வைத்தோம்.

பழைய கடன் மேசை:

வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் பிரிட்ஜ் லோன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி புது வீட்டுக் கடன் கிடைத்துவிட்டால் இது தானாக வந்துவிடாது. இது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைக்குமான கடன். சாதாரண வீட்டுக் கடனைவிட வட்டி அதிகம், மதிப்பீட்டுக் கட்டணம், சட்டக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் எல்லாம் தனி. பழைய வீட்டின் முழு விலைக்கும் தரமாட்டார்கள். மேலே நண்பர் போட்ட கணக்கிலேயே பாருங்கள், 100க்கு 75 வரை கடன் இருக்கலாம் என்று ஒரு வங்கி வைத்திருந்தால், ஏற்கெனவே இருக்கிற 35 போக உங்களுக்குக் கிடைப்பது 40தான்.

உங்கள் வீட்டை வாங்க ஆள் வந்து, ஒப்பந்தமும் போட்டு, பணம் வரும் தேதி தெரிந்த பிறகு கேட்கிற பிரிட்ஜ் லோன் வேறு. வீட்டை இன்னும் விற்பனைக்கே போடாமல் கேட்பது வேறு. முதலாவதை வங்கி எளிதாகத் தரும், செலவும் குறைவாக இருக்கும். இரண்டாவதில் ஆபத்து முழுவதும் உங்கள் தலையில். காலக்கெடு முடிந்தும் வீடு விற்கவில்லை என்றால் நீட்டிப்பதற்கு மறுபடி கட்டணம், அல்லது அடமானத்தில் இருக்கிற வீட்டை வங்கி விற்கலாம்.

புது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய தவணையையும் உங்கள் செலவில் சேர்த்துத்தான் வங்கி பார்க்கும். "அது சீக்கிரம் முடிந்துவிடும் சார்" என்று என் மேசையில் உட்கார்ந்து சொன்னவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஒழிய அந்தப் பேச்சுக்கு மதிப்பு கிடையாது. அதனால் வீட்டுக்காரரிடம் விலை சொல்வதற்கு முன்னால், இரண்டு கடனையும் சேர்த்து உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மூட்டை கட்டியவள்:

நாங்கள் முதலில் விற்றோம். ஏழு மாதம் வாடகையில் இருந்தோம், பாதிச் சாமானைப் பிரிக்கவே இல்லை, அட்டைப்பெட்டிக்கு நடுவில்தான் சாப்பாடு. கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் பணம் கையில் இருந்ததால் புது வீட்டுக்காரர் எங்களைவிட அதிகம் சொன்ன இன்னொருவரை விட்டுவிட்டு எங்களுக்குக் கொடுத்தார். அவருக்குத் தேதிதான் முக்கியமாக இருந்தது.

அப்புறம், உங்களுக்கு வாடகை வீடு தேடவேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம் அக்கா. வாங்குகிறவரிடம், விற்ற பிறகு இரண்டு மூன்று மாதம் இதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொள்கிறோம் என்று பேசிப் பாருங்கள். என் தங்கை அப்படித்தான் செய்தாள். வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் காலி செய்வது, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கிரயத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உங்கள் மாமியார் ஒரே ஒரு தடவை வீடு மாறினால் போதும்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்தக் காகிதத்தை எழுதினோம். ஐந்தாவது மாதத்தில் பூஜ்யம் வருகிறது. கணவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிரிட்ஜ் லோன் இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டை அப்படியே விடவும் மனம் வரவில்லை. "எங்கள் வீடு விற்றால்தான் வாங்குவோம்" என்று நிபந்தனையோடு விலை சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

இரண்டு சாவி:

ஒத்துக்கொள்வார்கள், ஆனால் சந்தையைப் பொறுத்தது. நாலு பேர் வரிசையில் நின்றால் உங்கள் கடிதம் அடியில் போய்விடும். வீடு கொஞ்ச நாளாக விற்காமல் கிடந்தால் பேச வாய்ப்பு இருக்கிறது. எத்தனை நாளாக விற்பனையில் இருக்கிறது என்று தரகரிடம் கேளுங்கள்.

நிபந்தனை என்றால் வெறுமனே "விற்றால் வாங்குவோம்" என்று எழுதக்கூடாது, எந்த வீட்டுக்காரரும் காலவரையில்லாமல் காத்திருக்க மாட்டார். இத்தனை நாளுக்குள் எங்கள் வீட்டுக்கு ஒப்பந்தம் போடுவோம், முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகுவோம் என்று நாள் கணக்கு இருக்க வேண்டும். பதிலுக்கு அவர் தன் வீட்டைத் தொடர்ந்து மற்றவர்களுக்குக் காட்டுவார், வேறு ஆள் வந்தால் உங்களுக்கு 48 அல்லது 72 மணி நேரம் தருவார், அதற்குள் நிபந்தனையை விட்டுவிட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். அந்த 72 மணி நேரத்தில் பயந்துபோய் நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் காகிதத்தில் ஐந்து மாதம்தான் இருக்கிறது.

முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பி வரும் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வீட்டுக்காரரின் வக்கீலிடம் இல்லை, உங்கள் வக்கீலிடம். அந்தத் தரகரே உங்கள் வீட்டையும் விற்றுத் தருகிறேன் என்று சொன்னால், இரண்டு பக்கமும் தரகு அவருக்குத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பழைய கடன் மேசை:

ஒன்று விட்டுப்போயிற்று. விலையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாகத் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். சிலருக்குப் பிள்ளைகளின் பரீட்சை முடிய வேண்டும், சிலர் கட்டிக்கொண்டிருக்கிற வீடு முடிய வேண்டும். ஏன் விற்கிறார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

ஜன்னலோரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டோம். அவருடைய மகளுக்கு வேலை மாற்றம், நான்கு மாதம் கழித்துத்தான் அவர்களும் கிளம்புகிறார்களாம், இதைத் தரகர் எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்ட விலையைக் கொடுக்க ஒத்துக்கொண்டோம், 90 நாள் நிபந்தனை, 72 மணி நேரம் என்று எழுதியிருக்கிறோம், வக்கீல் முன்பணத்துக்கான வரியை இரண்டு தடவை திருத்தினார். எங்கள் வீட்டை அடுத்த நாளே விற்பனைக்குப் போட்டாயிற்று, வேறு தரகரிடம். இந்தச் சனிக்கிழமை முதல் ஆள் பார்க்க வருகிறார். வீடு முழுவதும் வண்ணம் அடித்துவிடலாமா என்று கணவர் கேட்கிறார், சனிக்கிழமைக்குள் முடியுமா தெரியவில்லை.

மூட்டை கட்டியவள்:

வேண்டாம் அக்கா, வண்ண வாசனை அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சொட்டுகிற குழாய், கிறீச்சிடுகிற கதவு, எரியாத விளக்கு, இதை மட்டும் சரி செய்யுங்கள். அலமாரிகளைப் பாதி காலியாக்கி வையுங்கள், வருகிறவர்கள் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள்.